கதை வேண்டும், கதையளப்பு வேண்டா

தமிழர் கூடும் விழா எதுவாயினும், பொங்கலாயினும், சங்கத்தின் ஆண்டு விழாவாயினும், மேடையேறும் பேச்சாளர் செய்வன பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைந்துவிடுகின்றன. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பார். தலைவர் முதலாகப் பந்தல் போட்டவர் ஈறாக அனைவரையும் விளிப்பார். தமக்கு அளிக்கப்பட்ட நேரம் குறைவு என்று குறைபட்டுக்கொள்வார். பின்னர், "இந்த இடத்தில் எனக்கு ஒரு கதை நினைவுக்கு வருகிறது" என்பார். அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. கையிலேயே கொண்டு வந்திருக்கிறார் என்பதை முன்வரிசையிலிருக்கும் சிறுவனும் அறிவான். அரசன், அமைச்சன், துறவி, கழுதை என நால்வரில் ஒருவரோ இருவரோ வருவர். அவை சிரிக்கும். கைதட்டும். அடுத்த கதை தொடங்கும். விழா முடிந்து இல்லம் திரும்புகையில், "ஐயா என்ன சொன்னார்?" என்று கேட்டால், "அருமையாகப் பேசினார்" என்பதே விடையாகக் கிடைக்கும். என்ன சொன்னார் என்பது மட்டும் கிடைக்காது.

இந்த வழக்கத்தின்மீது நாம் ஒரு குற்றச்சாட்டை முன்வைக்கிறோம். கதை சொல்வது குற்றமென்பது நம் கருத்தன்று. கதையின்றி மேடைத்தமிழ் இல்லை என்பதே நம் துணிபு. ஆனால் கதை இன்று மேடையில் ஆற்ற வேண்டிய பணியை ஆற்றவில்லை. வேலை செய்யாமல் கூலி வாங்குகிறது. இதனால் வரும் இழப்பு மற்றெவரையும்விடக் கடல் கடந்து வாழும் நம்மைப் போன்றோருக்கே மிகுதி என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கடல் கடந்து வந்த கதை

லாங் ஐலண்டுக்கு ஒரு விருந்தினர் வருவது எளிதன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து தலைநகரை அடைய வேண்டும். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். அங்கிருந்து மீண்டும் படகேற வேண்டும். அல்லது நிலவழியாக ரங்கத் வந்து, ஏரட்டா துறையில் படகு பிடித்து, அலையாத்திக் காடுகளைக் கடந்து வர வேண்டும். கடல் சினந்தால் அந்தப் படகும் இல்லை. இத்தனை இடர்களையும் தாண்டி ஒரு சொற்பொழிவாளர் வருகிறார் என்றால், அவர் வாய்ச்சொல்லுக்காக நாம் காத்திருப்பது இயல்பேயன்றோ?

அவ்வாறு வந்த ஒருவரின் பேச்சை நாம் ஒருமுறை கேட்டோம். பெயர் வேண்டா, நோக்கம் அவரைக் குறை கூறுவதன்று. ஒரு மணி நேரத்தில் ஒன்பது கதைகளைச் சொன்னார். ஒன்பதும் நன்றாகவே இருந்தன. அவற்றை மதுரையில் சொல்லியிருக்கலாம், மலேசியாவில் சொல்லியிருக்கலாம், திருமண வீட்டிலோ வங்கி ஊழியர் கூட்டத்திலோ சொல்லியிருக்கலாம். எங்கும் பொருந்தும் கதைகள் அவை. ஆதலால் எவரையும் தொடாத கதைகள். நம் தீவின் மரம், கடல், படகு, பிழைப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் அவற்றில் இல்லை. மூன்று நாள் கப்பலில் வந்த அக்கதைகள் நம் கரையில் இறங்காமலேயே திரும்பிச் சென்றன.

அவரைவிட நம்மையே நாம் நோக வேண்டும். நாம்தாம் கைதட்டினோம். நாம்தாம் பொன்னாடை போர்த்தினோம். கேட்பவர் ஏமாறச் சம்மதிக்கும் வரையில் சொல்பவர் ஏன் உழைக்கப் போகிறார்?

இரு வழக்குரைகள், ஒரே புறா

மேடையில் கதை என்ன செய்யும் என்பதை அறிய அயல்நாட்டுப் பயிற்சி நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் திறந்தால் போதும். கணவனை இழந்த கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கிறாள். நீ யார் என்று அரசன் வினவுகிறான். அவள் தன் பெயரை உடனே சொல்லவில்லை. ஒரு புறாவின் துயரைத் தீர்த்த மன்னனை நினைவூட்டுகிறாள். கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனை நினைவூட்டுகிறாள். அத்தகையோர் ஆண்ட புகார் தன் ஊர் என்கிறாள். அதன் பின்னரே தன் கணவன் வாழ்வு தேடி இவ்வூர் வந்ததையும், சிலம்பு விற்கப் போய்க் கொலையுண்டதையும், தன் பெயரையும் கூறுகிறாள்.

இரண்டு கதைகள், சில அடிகள். விரித்துரைக்கவில்லை, அழகுபடுத்தவில்லை, சிரிப்பு மூட்டவில்லை. ஆயினும் அவ்விரு கதைகளும் அரியணையின்மீது ஒரு துலாக்கோலைத் தொங்கவிட்டன. ஒரு விலங்கின் குறையைக் கேட்ட அரசர்கள் இருந்தார்கள். நீ ஒரு மனிதனின் வழக்கையும் கேட்கவில்லை என்பது அக்கதைகளுக்குள் இருந்த குற்றச்சாட்டு. அவள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. கதைக்குப் பின்னர் அவள் காட்டியது கண்ணீரை அன்று, சான்றை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து என்றான் அரசன். உடைத்தபோது வழக்கு முடிந்தது. கதை அவையைத் திறந்தது, சான்று தீர்ப்பைப் பெற்றது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அவள் வழக்கு நின்றிராது.

வாசகர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். கண்ணகியும் பிழைக்க வந்தவள். மதுரையில் அவளுக்கு உறவும் இல்லை, பரிந்து பேசுவாரும் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்தவளுக்கு எஞ்சிய படைக்கலம், தன் ஊரின் கதையும் தன் கைச்சிலம்பும் மட்டுமே.

அதே புறாக்கதை புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டிலும் வருகிறது. மலையமானின் சிறு மக்களை யானைக் காலில் இட முனைகிறான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் குறுக்கே வருகிறார். புறாவின் இடரைத் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்கிறார். இவர்களோ, புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவரின் வழியினர் என்கிறார். பின்னர் அவர் செய்ததுதான் வியப்பு. பழங்கதையை விட்டுவிட்டுக் கண்ணெதிரே நிற்கும் குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தவர்கள், இப்போது புதியவர் நிறைந்த மன்றத்தைப் பார்த்து மருள்கிறார்கள் என்கிறார். கேட்டாயல்லவா, இனி உன் விருப்பம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். குழந்தைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் குறிப்பு உரைக்கிறது.

பழைய கதையைச் சொல்வதே பிழை என்று நாம் வாதிடவில்லை என்பது இதனால் தெளிவாகும். புறாக்கதை அன்றே பழங்கதைதான். கண்ணகி அதைப் பாண்டியனுக்கு எதிர் நிறுத்தினாள். கோவூர் கிழார் அதைச் சோழனின் சொந்தக் குடிக்கடனாக நினைவூட்டினார். கதை ஒன்று; அது தைத்த இடம் வேறு. எதிரில் அமர்ந்திருப்பவர் யார், அவர் இப்போது எதைச் செய்ய வேண்டும் என்று அறிந்து சொன்னதால் இரண்டும் உயிர் பெற்றன. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அவையறிதலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் கருத்தும் இதுவே.

சிரிப்பைப் பழிக்கிறோமா?

நம் கருத்தை மறுப்போர் சொல்வதையும் நேர்மையாக எடுத்துரைப்போம். "உழைத்துக் களைத்த மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். அவர்களைச் சிறிது சிரிக்க வைத்தால் என்ன குறை? எல்லா மேடையும் பாண்டியன் அவையாகுமா?" என்று கேட்கிறார்கள். நல்ல வினாதான்.

சிரிப்பை நாம் பழிக்கவில்லை. திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) தம் விரிவுரைகளில் சிறுவரையும் சிரிக்க வைத்தார். நடுநடுவே அவர்களிடம் வினா எழுப்பி விடை பெற்றார். ஆனால் அவருடைய கிளைக்கதைகள் அனைத்தும் மூலக்கதைக்கே திரும்பி வந்தன. தேரை விட்டுக் குதிரை ஓடவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் கதையின் அச்சிலேயே, கல்விக்காக ஏங்கும் ஒரு சிறுவனின் கதையை வார்த்து வைத்தார். மக்கள் வயிறு வலிக்கச் சிரித்தனர். சிரித்து முடித்தபோது, படிப்பு எவருக்கு மறுக்கப்பட்டது என்ற வினா அவர்கள் மடியில் கிடந்தது. இவ்விருவரும் சமயத்தில் எதிரெதிர்த் திசையினர். கதையை வேலை வாங்குவதில் ஒரே பள்ளியினர்.

பட்டிமண்டபத்தையும் நோக்குங்கள். மணிமேகலையில் அது வாதம் புரிய வல்லோர் ஏறும் இடம். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற அமைப்புகள் அதை இலக்கிய ஆராய்ச்சியின் களமாக நடத்தின. இன்று தொலைக்காட்சியிலும் விழா மேடையிலும் அதே பெயரில் நடப்பவற்றுள் பலவற்றில், கணவனைப் பற்றி மூன்று துணுக்கு, மனைவியைப் பற்றி நான்கு துணுக்கு, ஈற்றில் இரு கட்சியும் வென்றது என்ற தீர்ப்பு. வாதம் எங்கே போயிற்று? அதன் இருக்கையில் துணுக்கு ஏறி அமர்ந்திருக்கிறது. களைத்த மக்களுக்கு ஓய்வு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவர்களுக்குச் சிந்திக்கவும் உரிமை உண்டு. களைப்பைக் காரணம் காட்டி அந்த உரிமையைப் பறிப்பது அன்பாகாது.

கிணற்றுக்குள் தாமும் இறங்கியவர்

உலக மேடையில் சொல்லப்பட்ட ஒரு கதையையும் எண்ணிப் பார்ப்போம். 1893 செப்டம்பர் 15 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் ஆற்றியது மிகச் சிறிய உரை. சமயங்கள் ஏன் ஒன்றையொன்று ஏற்பதில்லை என்பதே பொருள். அவர் சொன்னது நாம் அனைவரும் அறிந்த கிணற்றுத் தவளைக் கதை. கடலிலிருந்து வந்த தவளையிடம் கிணற்றுத் தவளை ஒரு தாவல் தாவிக் காட்டி, கடல் இவ்வளவு பெரிதா என்று கேட்கிறது. தன் கிணற்றைவிடப் பெரியது இருக்கவே முடியாது என்று முடிவு கட்டுகிறது.

கதை முடிந்ததும் அவர் செய்ததைக் கவனியுங்கள். கிறித்தவரைக் கிணற்றில் இறக்கிவிட்டுத் தாம் கரையில் நிற்கவில்லை. இந்துவாகிய தாம் தம் கிணற்றில் அமர்ந்து அதையே உலகமென எண்ணுவதாக முதலில் ஒப்புக்கொண்டார். அதன் பின்னரே கிறித்தவரையும் முகம்மதியரையும் சொன்னார். தம்மை முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதால், மற்றவரை நிறுத்தும் தகுதி அவருக்கு வந்தது.

நம் மேடைக் கதைகளில் மூடன் எப்போதும் வேறு ஒருவன். பேராசைக்காரன் வேறு ஒருவன். தாய்மொழியை மறந்தவனும் வேறு ஒருவன். சொல்பவரும் கேட்பவரும் கரையில் வசதியாக நின்று கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். தீவில் வாழும் நமக்கு இந்தக் கதை ஒரு கூடுதல் எச்சரிக்கை அன்றோ? நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும் கிணற்றளவே சிந்திக்க முடியும் என்பதை நம் விழா மேடைகள் ஆண்டுதோறும் மெய்ப்பிக்கின்றன.

பொய்க்கு மேடை தராதீர்

மற்றொரு குற்றம் இதனினும் பெரிது. கதை என்று சொல்லாமல் வரலாறு என்று சொல்லிக் கதையைப் புகுத்துவது. ஆபிரகாம் லிங்கன் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்று ஒன்று நம் பள்ளி விழாக்களில் எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கிறது! லிங்கனின் எழுத்துக்களைத் திரட்டிய தொகுப்புகளில் அப்படி ஒரு கடிதமே இல்லை. பின்னாளில் எவரோ எழுதி அவர் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். அறிஞர் ஐன்ஸ்டைன் மாணவப் பருவத்தில் பேராசிரியரை மடக்கினார் என்று உலவும் கதையும் அத்தகையதே. இப்போது கைப்பேசி வழியே நாள்தோறும் வந்து குவியும் கதைகளில் அப்துல் கலாமும் காமராசரும் தாம் செய்யாதன பலவற்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"நல்ல கருத்துத்தானே, உண்மையாயிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்பார்கள். நல்ல கருத்துக்குப் பொய்ச்சான்று எதற்கு? கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் இல்லாதிருந்தால் அவள் வழக்கு என்னவாகியிருக்கும்? சிறுவன் ஒருவன் மேடையில் கேட்ட கதையை உண்மையென நம்பி, பின்னாளில் பொய்யென அறிந்தால், அவன் கதையை மட்டும் ஐயுறமாட்டான். அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட தமிழ்ப் பெருமையையும் ஐயுறுவான். கற்பனைக் கதையைச் சொல்வதில் இழுக்கில்லை. "இது கதை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். விவேகானந்தரின் தவளை பேசியதை எவரும் வரலாறு என்று எண்ணவில்லை. அதனால் அக்கதை ஒரு சிறிதும் குன்றவுமில்லை.

மறந்து நின்ற சிறுவன்

இனி நம் சொந்தக் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். விவேகானந்தரைப் புகழ்ந்துவிட்டு நாம் கரையில் நிற்பது முறையாகாது.

சிறுவர்க்கான பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவராக நாம் அமர்ந்திருந்தோம். தலைப்பு 'உழைப்பே உயர்வு'. வந்த பிள்ளைகள் அனைவரும் பெற்றோர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருந்தனர். ஆமையும் முயலும் மூன்று முறை ஓடின. எடிசன் இருமுறை விளக்கைக் கண்டுபிடித்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நடுவில் வரியை மறந்து நின்றான். அவை அமைதியாயிற்று. தாய் முன்வரிசையிலிருந்து வாயசைத்தும் அவனுக்கு எட்டவில்லை. சிறிது நேரம் கழித்து அவன் தன் சொந்தத் தமிழில், இந்தியும் கலந்த தீவுத் தமிழில், பேசத் தொடங்கினான். தன் தாத்தா பிளைவுட் ஆலையில் மரம் அறுத்ததாகச் சொன்னான். ஆலைச் சங்கு ஊதினால் வீட்டில் பாட்டி உலை வைப்பாளாம். ஆலை மூடிய பின்னும் பல நாள் தாத்தா அந்த நேரத்துக்கு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாராம். "ஏன் தாத்தா என்று கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்" என்று கூறிவிட்டு இறங்கிவிட்டான்.

அவனுக்கு நாம் பரிசு தரவில்லை. தலைப்பை விட்டு விலகினான், பிறமொழி கலந்தான், முடிவுரை சொல்லவில்லை என்று மதிப்பெண் குறைத்தோம். எடிசனைச் சொன்ன சிறுமிக்கு முதற்பரிசு கொடுத்தோம். படகேறித் திரும்பும்போதுதான் நமக்கு உறைத்தது. உழைப்பைப் பற்றி அன்று அந்த அரங்கில் பேசியவன் அவன் ஒருவனே. மற்றவர்கள் ஒப்பித்தார்கள். அவனிடம் கோவூர் கிழார் கண்ட குழந்தைகளைப் போன்ற ஒரு மெய்க்காட்சி இருந்தது. நம்மிடம் அதை அளக்கும் அளவுகோல் இல்லை. அவன் மீண்டும் எந்தப் போட்டிக்கும் வரவில்லை என்று பின்னர் அறிந்தோம். தமிழில் தன் கதையைச் சொன்னால் மதிப்பில்லை என்பதை அவனுக்குக் கற்பித்தவர்கள் தமிழ் நடுவர்களாகிய நாமே.

இழப்பு எது?

இது ஒரு சிறுவனின் பரிசுக் கணக்கன்று. லாங் ஐலண்டின் வாழ்வு மரத்தோடு பிணைந்திருந்தது. காட்டையும் கடலையும் நம்பி வந்த தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் பிறரும் இங்கே ஆலைச் சங்குக்கு எழுந்தார்கள். சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று இத்தீவுகளின் காடுகளைக் காக்கும் பொருட்டு மரம் வெட்டுவதற்குக் கடுமையான வரம்பு விதித்தது. காடு காக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் மரத்தொழில் ஒடுங்கியபோது குடும்பங்கள் கலைந்தன, ஊர் சுருங்கியது. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்களுக்கு இப்போது முதுமை. அவர்கள் கதையை எந்த விழா மேடை கேட்டது?

கச்சால் தீவை எண்ணுங்கள். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழருள் சில குடும்பங்கள் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து இலங்கை, இலங்கையிலிருந்து மீண்டும் தாயகம், அங்கிருந்து நிக்கோபார் எனத் தலைமுறைகள் மூன்று கடல் தாண்டிய வரலாறு அது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. இத்தனைக்கும் பின்னர், கடல் கடந்த தமிழரின் வீரத்தைச் சொல்ல நம் மேடைகள் இராசேந்திர சோழனின் கப்பற்படையையே அழைக்கின்றன. சோழனைச் சொல்வது தவறில்லை. கச்சால் தோட்டத்துப் பாட்டியை விட்டுவிட்டுச் சோழனை மட்டும் சொல்வது தவறு.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். நம் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகிறார்கள். உயர்கல்விக்கு ஆங்கிலம் பயில்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு எதற்கு வேண்டும்? பிழைப்புக்கு என்று சொல்ல இயலாது. தம் வீட்டின் கதையைப் பிற எந்த மொழியிலும் முழுமையாகச் சொல்ல முடியாது என்பதே நாம் அவர்களிடம் காட்டத்தக்க ஒரே காரணம். அந்தக் கதையை மேடையிலிருந்து விரட்டிவிட்டு எடிசனையும் ஆமையையும் ஏற்றினால், அவர்கள் அவற்றை ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்வார்கள்.

இன்னொரு பயனும் இழக்கப்படுகிறது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "படகு வசதி போதாது, ஆவன செய்ய வேண்டும்" என்று பத்தாண்டு சொன்னாலும் அது கோப்பில் ஒரு வரியாகவே கிடக்கும். காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு துறையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை காத்திருந்தோம் என்று ஒரு தாய் நாளும் நேரமும் குறித்துச் சொன்னால், எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி கோவூர் கிழாரின் சோழனைப் போல விடை சொல்லியே தீர வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். தன் கதையை அளவோடும் சான்றோடும் சொல்லத் தெரிந்த மக்களை எளிதில் புறக்கணிக்க முடியாது. சொல்லத் தெரியாத மக்களுக்காக வேறு எவரோ பேசுவர். தமக்கு வேண்டியதையே பேசுவர்.

செய்யத்தக்கன

குறை கூறிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆதலால், மேடையேறுவோர்க்கும் மேடை அமைப்போர்க்கும் சிலவற்றை விண்ணப்பிக்கிறோம்.

பேச்சாளர் தம் உரையின் கருத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு கதையை நீக்கினால் அக்கருத்து தளர்கிறதா என்று பார்க்கட்டும். தளர்ந்தால் அது தூண், இருக்கட்டும். தளராவிட்டால் அது தோரணம், அவிழ்த்துவிடலாம். ஓர் உரைக்கு ஒரு தூண் பெரும்பாலும் போதும், இரண்டு மிகுதியன்று, ஒன்பது வேண்டவே வேண்டா. கதையில் ஊர், காலம், ஆள், ஒரு பொருள் ஆகியவை கண்ணுக்குத் தெரியட்டும். ஆலைச் சங்கும், போட்டுக்கொண்ட சட்டையும் அந்தச் சிறுவனின் கதையைத் தாங்கியது அப்படித்தான். கதை முடிந்தபின் அதன் நீதியைக் கால் மணி நேரம் விரிக்காதிருக்கட்டும். கேட்டவர் தாமே கண்டடைவதற்கு ஓர் இடம் விட்டு நிறுத்துவது அவரை மதிப்பதாகும்.

பிறர் துயரைச் சொல்லும்போது அவர் இசைவு பெற்றே சொல்லட்டும். கைதட்டலுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் கூட்ட வேண்டா. கற்பனையைக் கற்பனை என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும் சொல்லட்டும்.

சங்கத்தார்க்கு நம் வேண்டுகோள் மூன்று. பேச்சுப் போட்டிகளில் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் முறையை நீக்கி, வீட்டு முதியோர் ஒருவரிடம் பிள்ளை தானே கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் முறையைக் கொண்டு வருக. மொழி திருத்தமாக இல்லையென்று மதிப்பெண் குறைப்பதை முதல் இரண்டாண்டுகளுக்காவது நிறுத்தி வைக்க. பேசப் பேச மொழி திருந்தும், பேசாதவனின் மொழியைத் திருத்த எவராலும் இயலாது. அயலூரிலிருந்து சொற்பொழிவாளரை அழைத்தால், அவர் மேடையேறுவதற்கு முன் அரைநாள் அவரை நம் தெருவில் நடத்திச் செல்க. முதியவர் ஒருவரோடு தேநீர் அருந்தச் செய்க. அதன் பின்னர் அவர் எந்தக் கதையைச் சொன்னாலும் அது நமக்கே சொல்லப்பட்டதாக இருக்கும்.

ஆறுமுக நாவலர் (1822–1879) 1847-ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறை பரப்ப வந்தவர்களிடமிருந்து கற்ற மேடை முறையையே தம் மக்களின் பொருளுக்குப் பயன்படுத்தினார். மேடை எவரிடமிருந்து வந்தது என்பது அவருக்குப் பொருட்டாகவில்லை. அதன்மீது எவர் கதை ஏறியது என்பதே பொருட்டாயிற்று. அதே வினாதான் இன்று நம் முன்னும் நிற்கிறது. மேடை நம்முடையது, ஒலிவாங்கி நம்முடையது, நன்கொடை நம்முடையது. கதை மட்டும் ஏன் இரவலாக இருக்க வேண்டும்?

அந்தச் சிறுவன் இப்போது இளைஞனாகியிருப்பான். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், நடுவராயிருந்த ஒருவரின் பிழை பொறுக்கும் வேண்டுகோளாக இதனை ஏற்பானாக. அடுத்த ஆண்டு விழாவில் அவனுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று செயற்குழுவிடம் நாம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். தாத்தா வாசலில் நின்ற கதையை அவன் முடித்துச் சொல்லட்டும். முடிவுரை வேண்டா.